பக்கத்துப் புஞ்சைக்காரரே வாத்தியார்!

“இனி அலைச்சல் இல்லை, ஆபீஸ் வாசலில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை, எல்லாம் உள்ளங்கைக்கே வந்துவிட்டது!” — இப்படிப் பேசுவோரைக் காண்கிறோம். பேச்சில் பொய் இல்லை. பட்டா நகல் வேண்டுமா, குடும்ப அட்டையில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டுமா, பயிரைக் காப்பீடு செய்ய வேண்டுமா — செல்போன் போதும். அது போதாவிட்டால் கடைத்தெரு இ-சேவை மையம் போதும். வசதி வந்திருக்கிறது, வரவேற்கிறோம். ஆனால், வசதி வந்து இறங்கிய அன்றே, அதைக் கையாளும் வித்தையும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வந்து இறங்கிற்றா? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரிடம் கற்றார்கள் நம் மக்கள்? இதைப் பேசுவார் இல்லை. ஆகவே நாம் பேசுவோம்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, கயத்தாறு செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது இடைசெவல். சிற்றூர்தான், எனினும் தமிழ் எழுத்துலகம் மறவாத ஊர். கு. அழகிரிசாமி பிறந்த ஊர், கி. ராஜநாராயணன் பிறந்த ஊர். பால்ய நண்பர்கள் இருவர். இருவருக்கும் சாகித்திய அகாதெமிப் பரிசு — முன்னவருக்கு அவர் மறைந்த 1970-ஆம் ஆண்டுக்கு உரியது, பின்னவருக்கு 1991-இல். ஒரு சிற்றூர், இரு பரிசுகள்! பட்டணத்துப் பெருமக்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நல்லது.

அந்த ஊரைச் சுற்றிலும் கிடப்பது கரிசல். ஆற்றுப் பாசனம் எட்டாத பூமி. வானத்தைப் பார்த்து விதைக்கும் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால் விளைச்சல், கைவிட்டால் கடன். உளுந்து, பாசிப்பயறு, சோளம், கம்பு, பருத்தி, மக்காச்சோளம், சூரியகாந்தி, மல்லி, மிளகாய் — எதைப் போட்டாலும் மழைதான் நீதிபதி. பெய்யாமல் கெடுப்பதும் உண்டு. அறுக்கும் நேரத்தில் பெய்து கெடுப்பதும் உண்டு. இப்படிப்பட்ட சீமையிலே பயிர்க்காப்பீடு என்பது காகிதக் காரியம் அல்ல. அடுத்த வருடத்து விதைக்கும் உரத்துக்கும் பல குடும்பங்களுக்கு அதுதான் ஊன்றுகோல். 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தின்படி, ராபி பருவத்துத் தானியத்துக்கும் பயறுக்கும் எண்ணெய்வித்துக்கும் விவசாயி செலுத்த வேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை. பருத்தி போன்ற பணப்பயிருக்கு நூற்றுக்கு ஐந்து.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த ஏற்பாட்டின் வாசற்கதவு எது தெரியுமா? ஒரு கணினித் திரை! அந்தத் திரையிலே வரிசை வரிசையாகக் கட்டங்கள். கட்டம் சரியாக நிரம்பினால் கதவு திறக்கும். பிசகினால் அன்றைக்கே தெரியாது, தோழர்களே — அதுதான் கொடுமை! பணம் கட்டியதற்கு ரசீதும் வந்துவிடும். ஊருக்கெல்லாம் இழப்பீடு வந்து, தனக்கு மட்டும் வராதபோதுதான் தெரியும், எங்கோ ஓர் எழுத்து தப்பிற்று என்று.

எங்கே தப்பும்? கேளுங்கள்.

முதல் கட்டம், பெயர். பெயரிலே என்ன சிக்கல் என்பீர்கள். நம்மவர்க்கு ஊரார் அறிந்த பெயர் ஒன்று. தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்று. அந்த முதலெழுத்து ஆதாரிலே பெயருக்குப் பின்னே நிற்கும். வங்கிப் புத்தகத்திலே முன்னே நிற்கும். பட்டாவிலோ முதலெழுத்தே இராது, இன்னார் மகன் இன்னார் என்றிருக்கும். தமிழிலே ஒரே பெயர்தான். ஆங்கிலத்திலே எழுதும்போது ஒரு குமாஸ்தா நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டுவார், இன்னொரு குமாஸ்தா குறைப்பார். மனிதர் பார்த்தால் ஒரே ஆள். பொறி பார்த்தால் மூன்று ஆள்!

அடுத்த கட்டம், ஊர். குடியிருப்பது எந்த ஊரோ அதைச் சொல்வார் விவசாயி. பொறி கேட்பதோ வருவாய்க் கிராமம். அதுவும் புஞ்சை கிடக்கும் வருவாய்க் கிராமம். வீடு ஓர் எல்லையில், புஞ்சை வேறோர் எல்லையில் என்று கிடப்பது கரிசலில் அதிசயமா? அப்புறம் புல எண், அதற்கோர் உட்பிரிவு. பட்டாவோ தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டா. பங்காளிகள் ஆறு பேர். ஆறு பேரில் ஒருவர் மதுரையில், ஒருவர் திருப்பூரில், ஒருவர் உலகத்திலேயே இல்லை.

அதற்கடுத்தது வங்கிக் கிளையின் குறியீடு. 2020 ஏப்ரலில் பொதுத்துறை வங்கிகள் சில ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு சேர்ந்தது. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. சேர்ந்த பிறகு பல கிளைகளுக்குப் புதுக் குறியீடு வந்தது. பீரோவுக்குள் இருக்கும் பாஸ்புக்கில் பழைய குறியீடு அச்சானபடியே கிடந்தது. அதைப் பார்த்து அடித்தவர் பாடு என்னவாகும்? வந்த பணம் வந்த வழியே திரும்பும்!

இவற்றுள் எதையேனும் சர்க்கார் கையேடு சொல்கிறதா? ‘பெயரை உள்ளிடுக’ என்கிறது. ‘கிராமத்தைத் தேர்ந்தெடுக்க’ என்கிறது. அவ்வளவுதான். எந்தப் பெயரை, எந்தக் கிராமத்தை? அதைச் சொன்னவர் யார்? சென்ற வருடம் பட்டு அறிந்தவர் சொன்னார். பக்கத்துப் புஞ்சைக்காரர் சொன்னார். “அண்ணாச்சி, ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே அடிக்கச் சொல்லுங்க. பாஸ்புக்கப் பாத்து அடிச்சுட்டு வந்தா எனக்கு வந்த கதிதான் ஒங்களுக்கும்” என்று சொன்னார். இந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை பக்கக் கையேடு ஈடாகும்?

ஆசாரி எங்கே இருக்கிறார்?

அறிவிலே இரண்டு வகை உண்டு. ஆக்கியவரிடம் இருப்பது ஒன்று. ஆண்டு பழகியவரிடம் இருப்பது மற்றொன்று. ஒரு கருவி எப்படி நடக்க வேண்டும் என்பது ஆக்கியவருக்குத் தெரியும். அது எங்கே இடறும் என்பது பழகியவருக்குத்தான் தெரியும். ஒன்றை ஒன்று குறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. இரண்டும் சந்திக்க வேண்டும். சந்திக்கிறதா என்பதே கேள்வி.

அந்தக் காலத்திலே சந்தித்தது. கலப்பை செய்த ஆசாரி அதே ஊரிலே இருந்தார். ஈரக் கரிசலிலே ஏர் பிடித்தவருக்குக் கொழு சரியாக இறங்கவில்லையென்றால், அன்று சாயங்காலமே கலப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆசாரி பட்டறைக்கு வந்தார். “என்ன வே, இப்படிச் செஞ்சு கொடுத்திருக்கீரு?” என்று கேட்டார். ஆசாரி செதுக்கினார், ஆப்பு வைத்தார், சரிசெய்தார். உழுதவரின் அனுபவம் ஒரு பொழுதுக்குள் செய்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த கலப்பை செய்யும்போது அந்த அனுபவமும் மரத்தோடு மரமாகச் சேர்ந்தது.

இன்று? கட்டங்களைச் செய்த ஆசாரி டில்லியிலோ ஐதராபாத்திலோ பெங்களூரிலோ இருக்கிறார். கரிசலில் புல எண்ணுக்கு எத்தனை உட்பிரிவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? தகப்பனார் பெயரின் முதலெழுத்து தமிழன் பெயருக்கு முன்னே நிற்கும் என்பதை அவரிடம் யார் சொன்னார்கள்? அவர்மேல் குற்றம் சுமத்தவில்லை நாம். அவருக்குக் கொடுத்த வேலையை அவர் செய்தார். கலப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் வழி மூடிக்கிடக்கிறதே, அதைத்தான் சொல்கிறோம். வழி மூடியிருப்பதனால், ஆசாரி செய்ய வேண்டிய திருத்தத்தை ஊரார் ஒருவருக்கொருவர் வாய்வழியாகச் சொல்லிச் சமாளிக்கிறார்கள். திரை திருந்தவில்லை, திரைக்குத் தக்கபடி மனிதர் திருந்திக்கொள்கிறார்கள்!

பயிற்சி கொடுக்கிறோமே என்பார்கள் அதிகாரிகள். கொடுக்கிறீர்கள், தலைநகரில் சிலருக்கு, அவர்கள் மாவட்டத்தில் சிலருக்கு, அவர்கள் வட்டாரத்தில் சிலருக்கு. கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு வருவதுபோலத்தான்! மடைக்கு மடை குறைந்து, கடைசி ஆளிடம் வந்து சேரும்போது, ‘இதை அமுக்கு, அதை அமுக்கு’ என்பது மட்டும் எஞ்சுகிறது. ஏன் அமுக்க வேண்டும், அமுக்கியும் நகராவிட்டால் என்ன செய்ய வேண்டும் — இது வழியிலேயே ஊறி வற்றிப்போகிறது.

நூறு நாள் வேலைத் தளங்களில் நடந்ததை நினைவூட்டுகிறோம். வேலைக்கு வந்தவர்களைப் படம் பிடித்து, நேரமும் இடமும் பதிந்து, நாளுக்கு இருமுறை செயலியில் ஏற்ற வேண்டும் என்பது 2023 சனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஏறாவிட்டால் கூலிக்கு ஆபத்து. பணித்தளப் பொறுப்பாளர்களோ பெரும்பாலும் ஊர்ப் பெண்கள். கண்மாய்க்குள்ளே சிக்னல் கிடையாது. கரைமேல் ஏறினால் உண்டு. படத்தை முதலில் பிடித்து வைத்துக்கொண்டு, கரையேறிப் பிறகு அனுப்பலாம் என்பதை ஒருத்தி கண்டாள். அடுத்த தளத்துக்காரிக்குச் சொன்னாள். சுற்றறிக்கை அல்ல, அந்த ஒருத்தி சொன்ன சொல் காப்பாற்றிற்று கூலியை. கூலி என்றால் அடுப்பு எரிவது, தோழர்களே.

கோவில்பட்டியும் அயோவாவும்

இது ஏதோ படிப்பறிவு குறைந்தவர்களின் சங்கடம், பட்டணத்தில் இது இல்லை என்று எண்ணுவோருக்கு இரண்டொரு செய்தி சொல்வோம்.

கோவில்பட்டியிலே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1901-இல் ஏற்பட்டது, நூற்றாண்டு கடந்த நிலையம். கரிசலுக்கேற்ற பருத்தி, சோளம், கம்பு இரகங்களை அங்கே கண்டார்கள். மழை இறங்குவதற்கு முன்பே விதைத்துவிடும் முறையையும், அதற்காக விதையை உப்புக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திக் கடினப்படுத்தும் முறையையும் பரிந்துரைத்தார்கள். அறிவியல் சொல்லிற்று, சரி. ஆனால் காய்ந்த மண்ணிலே விதையைக் கொட்ட எந்த விவசாயிக்கு உடனே மனம் வரும்? “மழ வரலேன்னா வெதயும் போச்சே!” என்பான். பக்கத்துப் புஞ்சைக்காரன் போட்டான், மழை வந்தது, முளைத்தது, அதைக் கண்ணால் பார்த்தான். அடுத்த புரட்டாசியில் இவன் போட்டான். நிலையத்துப் பிரசுரம் செய்தியைக் கொண்டுவந்தது. துணிவைக் கொண்டுவந்தது பக்கத்துப் புஞ்சை.

இதையே கணக்கெடுத்துக் காட்டினார்கள் அமெரிக்காவிலே. அயோவா என்னும் மாநிலம்; மக்காச்சோளச் சீமை. வீரிய ஒட்டு விதை 1928-இல் அங்கு விற்பனைக்கு வந்தது. இரண்டு ஊர்களில் 259 விவசாயிகளைக் கேட்டார்கள் ரயான், கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள். 1943-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் இருவரைத் தவிர எல்லோரும் புது விதைக்கு மாறியிருந்தார்கள். யார் மூலம் முதலில் கேள்விப்பட்டீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்: விதை விற்பவர். யாருடைய சொல்லால் மாறினீர்கள் என்பதற்கு வந்த பதில்: அண்டை அயலார்! அயோவாவானால் என்ன, இடைசெவலானால் என்ன, சம்சாரி சம்சாரிதான்.

சரி, அவர்களும் விவசாயிகள்; படித்த இஞ்சினியர்கள் இப்படியா கற்கிறார்கள் என்று கேட்கலாம். 1955-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். ஐ.பி.எம். கம்பெனி 704 என்ற பெரும் கணிப்பொறியை விற்கத் தொடங்கிய காலம். தென்கலிபோர்னியாவில் வாங்கியவர்களில் பலர் விமானம் கட்டும் கம்பெனிக்காரர்கள். தொழிலிலே ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். பொறி வந்து இறங்கிற்று; வேலை வாங்கும் நிரல்களையோ அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே வேலைக்கு ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே மாதக்கணக்கில் மூளையைக் கசக்குவது எதற்கு என்று எண்ணினார்கள். கூடினார்கள், ஒரு சங்கம் அமைத்தார்கள். சங்கத்துக்கு வைத்த பெயர் ‘ஷேர்’ — பகிர் என்று பொருள். ஒருவர் எழுதியதை மற்றவர்க்குத் தந்தார்கள், கண்ட கோளாறுகளைச் சொன்னார்கள், கூட்டாகக் கம்பெனியிடம் கோரிக்கை வைத்தார்கள். போட்டி முதலாளிகளே பயன்படுத்துவோர் என்ற முறையில் ஒன்றுபட்டார்கள் என்றால், பயனை யோசித்துப் பாருங்கள்! கணிப்பொறியின் குழந்தைப் பருவத்திலேயே, அதை வாங்கியவர்கள் கண்ட முதல் பாடம் இது.

இன்னொன்று. ஜெராக்ஸ் கம்பெனியில் நகல் பொறிகளைப் பழுதுபார்ப்போரின் பின்னாலேயே நடந்து, அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கவனித்தார் ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர். 1996-இல் புத்தகமாக வந்தது அவர் கண்டது. கையேடு தடிமனாக இருந்தது. இன்ன கோளாறுக்கு இன்ன மருந்து என்று எழுதியிருந்தது. ஆனால் பொறிகள் கையேட்டைப் படித்துவிட்டுப் பழுதாவதில்லையே! பழுதுபார்ப்போர் சாப்பாட்டு மேசையிலே உட்கார்ந்து, “நேற்று ஒரு பொறி என்ன கூத்து ஆடிற்று தெரியுமா?” என்று கதை பேசினார்கள். மேலதிகாரி கண்ணுக்கு அது வெட்டிப் பேச்சு. உண்மையில் அந்தக் கதைகளே கையேட்டில் இல்லாத கையேடு. பின்னால் கம்பெனியே விழித்துக்கொண்டு, அந்த யோசனைகளைச் சேகரிக்க ‘யுரேகா’ என்று ஓர் ஏற்பாடு செய்தது. யோசனை சொன்னவர் பெயரைக் கீழே போட்டார்கள். சக தொழிலாளர்கள் சோதித்துப் பார்த்த பிறகே சேர்த்தார்கள். இவ்விரண்டு செய்திகளையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னே வேண்டியிருக்கும்.

தமிழிலும் இவ்வழியில் நடந்தவர் உண்டு. 2012 சனவரியில் ‘கணியம்’ என்ற மின்னிதழ் தோன்றிற்று. கட்டற்ற மென்பொருள்களைப் பழகியவர்கள், தாம் பழகிய விதத்தைத் தாமே எளிய தமிழில் எழுதினார்கள்; நூல்களாகவும் தொகுத்து விலையின்றித் தந்தார்கள். ஆங்கிலக் கையேட்டின் முன் திகைத்து நின்ற நம் பிள்ளைகளுக்குத் தமிழிலே ஒரு படிக்கட்டு! அரசோ பெருநிறுவனமோ செய்து கொடுக்கட்டும் என்று காத்திராமல், கற்றவர் கல்லாதவர்க்குச் செய்தது அது. பாராட்டுகிறோம். ஆனால் அந்தப் படிக்கட்டு நிரல் எழுதும் இளைஞருக்கு. அடங்கல் கையிலேந்தி வரிசையில் நிற்கும் சம்சாரிக்குப் படிக்கட்டு எங்கே?

அனுபவம் சரக்கானால்

இ-சேவை மையத்திலே உட்கார்ந்திருக்கும் தங்கச்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். காலையில் ஒரு மாணவிக்கு வருமானச் சான்று. அடுத்து ஒரு கிழவிக்கு ஓய்வூதியம். அதற்கடுத்து ஐந்து விவசாயிகளுக்குக் காப்பீடு. நடுவிலே சர்வர் படுத்துக்கொள்ளும். ஓ.டி.பி. வராது, வந்தாலோ அது பதிந்த செல்போன் மகனோடு கோயம்புத்தூரில் இருக்கும். எந்தத் துறையின் திரை எந்த வேளையில் எப்படி முரண்டு பிடிக்கும் என்பது அந்தத் தங்கச்சிக்கு அத்துபடி. யார் கற்பித்தார்கள்? அடுத்த ஊர் மையத்திலே இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுக் கற்றாள். அவள் வேலையை விட்டுத் திருமணமாகிப் போனால், நாலு வருட அனுபவமும் அவளோடு போய்விடும். அடுத்து வருபவள் முதலிலிருந்து இடற வேண்டும். அந்த இடறலுக்கு விலை கொடுப்பவர் திரைக்கு இந்தப் பக்கம் நிற்கும் சம்சாரி.

அனுபவம் எழுதி வைக்கப்படாவிட்டால் அழியும், அழியாவிட்டால் சரக்காகும். ‘ஒங்களுக்குப் பணம் வரலியா? நான் முடிச்சுத் தாரேன்’ என்று ஒருவர் முளைக்கிறார். அவர் மந்திரம் ஒன்றும் அறியார். குறியீடு மாறியதை அறிவார். வருவாய்க் கிராமத்தின் பெயரை அறிவார். ஊரார் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு வரியை, ஆளுக்கு ஐந்நூறு என்று விற்கிறார். ஒரு காலத்தில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தவரின் பேரப்பிள்ளை! மனுவாவது எழுதினார் அவர். இவர் ஒரு கட்டத்தைத் திருத்துகிறார், அவ்வளவே.

இதனால் பிறர் அனுபவம் எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை நாம். அதிலும் பதர் உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அடித்தால் ஏறும் என்பான் ஒருவன். ஒருநாள் ஏறியிருக்கும், அதையே சாத்திரமாக்கிவிட்டான். இருமுறை பதிந்தால் இரட்டிப்பாக வரும் என்பான் மற்றொருவன்; இரண்டும் தள்ளுபடியாகிவிடும். ‘ஓ.டி.பி.யைச் சொல்லுங்கண்ணாச்சி, நானே முடிச்சிடுறேன்’ என்று அன்பொழுகப் பேசிக் கணக்கையே துடைத்துவிட்டுப் போகிறவனும், அனுபவஸ்தன் வேடத்திலேதான் வருகிறான். மேலும், விதைப்பு அனுபவம் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்தாலும் செல்லும்; மென்பொருள் அனுபவம் அப்படி அல்ல. சென்ற வருடம் பலித்த யோசனை இந்த வருடம் பலிக்காது, திரையை மாற்றிவிட்டிருப்பார்கள். தேதி இல்லாத யோசனை கெட்டுப்போன மருந்துக்குச் சமம்.

ஆகவே வாய்மொழி போதாது. எழுத்து வேண்டும், தேதி வேண்டும், சோதித்தவர் வேண்டும்.

சொல்லைச் சேர்த்த ஊர்

இடைசெவலை எடுத்துப் பேசியது ஊர்ப்பெருமைக்காக அல்ல. பள்ளிப்படிப்பு மிகக் குறைந்த ஒரு சம்சாரி, கி. ராஜநாராயணன். புலவர் பட்டம் பெற்றவர் அல்லர். பல்கலைக்கழகம் கண்டவர் அல்லர் — பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகமே அவரை அழைத்து வைத்துக்கொண்டது வேறு கதை. அவர் என்ன செய்தார்? கரிசல் மக்கள் பேசும் சொற்களை, அகராதிகளில் இடம்பெறாத சொற்களை, பலருடைய துணையோடு திரட்டினார்; 1982-இல் ‘வட்டார வழக்குச் சொல்லகராதி’யாகத் தந்தார். மண்ணின் பதத்துக்கு ஒரு சொல், மழையின் வகைக்கு ஒரு சொல், ஆட்டின் நிறத்துக்கு ஒரு சொல் — இவையெல்லாம் யாருடைய சொத்து? பேசியவர்களின் சொத்து. ஆனால் பேச்சோடு விட்டிருந்தால் பேசியவர்களோடு போயிருக்கும். எழுதி வைத்ததனால் இன்று யாரும் எடுத்துப் பார்க்கலாம். 2021-இல் அவர் மறைந்தார், சொற்கள் மறையவில்லை.

அதே கரிசலில் இன்று வேறொரு வகைச் சொத்து தெருவிலே சிதறிக் கிடக்கிறது. எந்தக் கட்டத்தில் எதை இட வேண்டும், எது தள்ளுபடியானது, எப்படி மீண்டது — ஆயிரக்கணக்கான சம்சாரிகள் கூலியும் பஸ் கட்டணமும் இழந்து சேர்த்த அறிவு அது. 2025-இன் தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுப்பதற்காக ஊர்தோறும் முகாம் போட்டார்கள். கூட்டுப் பட்டாக்காரர்கள் அங்கே பட்ட பாடு, கண்ட வழி, இவற்றில் எத்தனை பங்கு எழுதி வைக்கப்பட்டது? முகாம் கலைந்தது; அறிவும் கலைந்தது.

செலவு பிடிக்கும் யோசனை எதையும் நாம் கூறவில்லை. ஒவ்வொரு இ-சேவை மையத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும், ஊர் நூலகத்திலும் ஒரு தடித்த நோட்டு கிடக்கட்டும். கட்டியான அட்டை போட்ட, கணக்கப்பிள்ளை நோட்டு. வேலை முடிந்தவர் நாலு வரி எழுதிவிட்டுப் போகட்டும். எழுத வராதவர் சொல்லட்டும், பக்கத்திலுள்ள பிள்ளை எழுதட்டும். என்ன செய்யப் போனோம், திரை என்ன சொல்லிற்று, என்ன செய்தபின் நகர்ந்தது, எந்தத் தேதி. கீழே யோசனை கண்டவர் பெயர் — விருப்பம் இருந்தால். ஜெராக்ஸ் தொழிலாளிக்குக் கிடைத்த கௌரவம் நம் கரிசல்காரருக்கும் கிடைக்கட்டுமே! ஆதார் எண், கணக்கு எண், செல்போன் எண் எதுவும் அதில் ஏறக்கூடாது. இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். இன்னொருவர் செய்து பார்த்துப் பலித்ததென்றால் ஓரத்தில் ஒரு கோடு போடட்டும். மூன்று கோடு விழுந்த யோசனையை நம்பலாம். பலிக்காமல் போனதையும் எழுதட்டும். அடுத்தவரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த வரிதான்.

தமிழிலே எழுதட்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் திரை என்ன மொழியில் பேசுகிறது? ‘செஷன் எக்ஸ்பயர்டு’ என்கிறது. ‘இன்வாலிட் என்ட்ரி’ என்கிறது. எந்தப் பதிவு செல்லாது, ஏன் செல்லாது என்று தமிழிலே சொல்லத் தடை என்ன? நோட்டிலே ஒரே புகார் ஐம்பது முறை வருமானால், அது ஐம்பது பேருடைய மடமை அல்ல. கொழு சரியில்லை என்று பொருள். அந்தப் பக்கத்தைக் கிழித்தாவது ஆசாரிக்கு அனுப்பியாக வேண்டும். முதலெழுத்துக்குத் தனிக் கட்டம், பழைய வங்கிக் குறியீட்டை அடித்தால் ‘இது மாறிவிட்டது’ என்று அப்போதே எச்சரிக்கை, குடியிருக்கும் ஊரின் பெயரைச் சொன்னால் வருவாய்க் கிராமத்தைக் காட்டும் பட்டியல் — இவை செய்ய முடியாத காரியங்களா? செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.

புரட்டாசிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே தொடங்குவது நலம். விதைப்பும் காப்பீடும் சேர்ந்து நெருக்கும் மாதங்களில் எவருக்கும் எழுத நேரம் இராது. நோட்டிலே இடப்பக்கம் மட்டும் மக்கள் எழுதட்டும். வலப்பக்கத்தை வெறுமையாக விடட்டும். வேளாண்மைத் துறை அலுவலரும் வருவாய்த் துறை அலுவலரும் மாதம் ஒருமுறை வந்து, வலப்பக்கத்தில் பதில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.